பான் மீ ஏன் அரை மணி நேரத்துல நமுத்துப் போகுது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தாங்க. ஆபீஸ் பில்டிங்குக்குக் கீழயே ஒரு வியட்நாமிய சாண்ட்விச் கடை, மத்தியானம் போய் நின்னா ரெண்டு நிமிஷத்துல பான் மீ, அதாவது குட்டை ரொட்டியைப் பொளந்து உள்ள கறியும் காய்கறியும் அடைச்ச சாண்ட்விச், கைல கொடுத்துடறாங்க, அங்கயே நின்னு கடிச்சா சட்டை முழுக்க தூளா கொட்டுது, அவ்ளோ மொறுமொறு. அதையே பார்சல் வாங்கிட்டு மேல வந்து ஒரு மீட்டிங்கை முடிச்சுட்டுப் பிரிச்சா பல்லால இழுத்துப் பிச்சுத் திங்க வேண்டியிருக்கு. பார்சல்னா பழைய ரொட்டியைத் தள்ளி விட்டுடறாங்களான்னு கேள்வி.

இல்லைங்க, கடைக்காரர் பாவம், அவர் மேல தப்பே இல்ல. உங்க கைல அவர் கொடுத்தது கண்ணாடி, நீங்க பிரிக்கறப்ப அது ரப்பர் ஆயிருச்சு. கண்ணாடின்னு அழகுக்காகச் சொல்லல, இயற்பியல்ல எந்த நிலையைக் கண்ணாடின்னு சொல்றாங்களோ நிஜமாவே அந்த நிலை. அதுக்குத்தான் இந்தக் கட்டுரையே, ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் கதை.

வியட்நாம் அரிசி தேசம். 1859ல பிரெஞ்சுக்காரங்க தெற்கே இருக்கற சைகானை (இப்ப ஹோ சி மின் நகரம்) பிடிச்சாங்க, அவங்க பின்னாடியே அவங்க ரொட்டியும் வந்துச்சு, மாவு கப்பல்ல வரணும், அதனால ரொம்ப காலத்துக்கு அது துரைமார் சாப்பாடாவே இருந்துச்சு, தட்டுல ரொட்டி தனி வெண்ணெய் தனி கறி தனின்னு உக்காந்து சாப்பிடற வகை. 1954ல நாடு ரெண்டா பிரிஞ்சப்ப வடக்குலேர்ந்து லட்சக்கணக்கான ஜனம் தெற்கே வந்தாங்க, அப்டி வந்தவங்க சைகான்ல 1958ல ஆரம்பிச்ச ஹோவா மாங்கற கடையைத்தான் எல்லாத்தையும் ரொட்டிக்குள்ளயே அடைச்சு கைல கொடுத்தனுப்பின முன்னோடிகள்ல ஒண்ணா சொல்றாங்க. காலைல வேலைக்கு ஓடறவனுக்கு உக்கார ஏது நேரம். 1975க்கு அப்புறம் அகதிகளா போனவங்களோட இது உலகம் பூரா போச்சு, 2011ல ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலயே ஏறிடுச்சு. ஆக, இது பொறந்ததே அவசரக்காரங்களுக்காக. அரை மணி நேரம் பைக்குள்ள வெச்சுப் பிரிக்கறதுக்காக இல்ல.

பாகெட்டுங்கற நீளமான பிரெஞ்சு ரொட்டியை விட இது குட்டை, உள்ள ரொம்ப லேசு, மேல்தோல் ரொம்ப மெல்லிசு. அந்த மெல்லிசுக்குக் காரணம் அரிசி மாவு கலக்கறதுதான்னு எல்லாரும் அடிச்சு விடறாங்க. நிறைய வியட்நாமிய பேக்கரிகள் வெறும் கோதுமை மாவுலதான் பண்றாங்க. யோசிச்சா புரியும், அரிசில க்ளூட்டன், அதாவது கோதுமை மாவை இழுவையா ஆக்கற புரதம், கிடையாது, காத்தைப் பிடிச்சு வெச்சு உப்பறதுக்குத் தேவையானதே க்ளூட்டன்தான், அரிசி மாவைச் சேக்கச் சேக்க ரொட்டி உப்பறது குறையணும். நிஜமா வேலை செய்யறது நல்லா உப்ப விட்ட மாவும், கூட ஒரு சிட்டிகை வைட்டமின் சியும். வைட்டமின் சி மாவுல ஆக்சிஜனேற்றம் ஆகி, க்ளூட்டன் வலையை அறுக்கற க்ளூட்டாதயோன்ங்கற மூலக்கூறோட வாயை அடைக்குது, வலை பலமாகுது, பலூன் மெல்லிசா பெருசா ஊதுது.

அடுப்புல நடக்கறதை வேகமா சொல்லிடறேன், ஸ்கூல்ல படிச்சதுதான். மொதல்ல அடுப்புக்குள்ள ஆவி விடுவாங்க, ஆவி குளுந்த மாவு மேல படிஞ்சு தண்ணியாகறப்ப உள்ளுறை வெப்பத்தைக் கொடுக்குது, மேல்பரப்பு ஈரமா இழுக்கற மாதிரி இருக்கறதால உள்ள இருக்கற வாயு விரிய விரிய ரொட்டி கிழியாம உப்பிக்குது, ப்ளேடால போட்ட ஒரே ஒரு நீளக் கீறல் மட்டும் வாயைத் திறக்குது. ஈஸ்ட் 60 டிகிரி நெருங்கறப்ப செத்துடும், கிட்டத்தட்ட அதே நேரம் மாவுச்சத்து வெந்து கூழாக ஆரம்பிக்கும். அப்புறம் ஆவியை நிறுத்திட்டு காஞ்ச சூடு. மேல்தோல் 140 டிகிரியைத் தாண்டினா மயார்டு வினை வேகம் பிடிக்கும், அமினோ அமிலமும் சர்க்கரையும் சேந்து அந்தச் செவப்பு நிறமும் வாசனையும். 1912ல லூயி கமீ மயார்டு எழுதி வெச்சது.

இங்க ஒரு விஷயத்தை மட்டும் பிடிச்சுக்கங்க. அடுப்பு 220 டிகிரில இருந்தாலும் ரொட்டிக்குள்ள இருக்கற பஞ்சு 100ஐத் தாண்டாது, ஏன்னா அங்க இன்னும் தண்ணி இருக்கு, தண்ணி இருக்கற வரைக்கும் சூடெல்லாம் ஆவியாக்கறதுலயே செலவாகிடும். மேல்தோல்ல தண்ணி தீந்துபோச்சு, அதனாலதான் அது அவ்ளோ சூடேறுது. வெளிய எடுக்கறப்ப பஞ்சுல நூத்துக்கு 40 பங்குக்கு மேல தண்ணி, ஒரு மில்லிமீட்டர் தள்ளி தோல்ல 3, 4 பங்குதான். ஒரே ரொட்டி, உள்ள குளம், வெளிய பாலைவனம். இந்த நிலைமை எத்தனை நேரம் தாங்கும்னு நினைக்கறீங்க?

இப்ப கண்ணாடிக்கு வர்றேன்.

திடப்பொருள்னா மூலக்கூறுகள் வரிசையா அடுக்கி வெச்ச மாதிரி இருக்கும்னு படிச்சிருப்போம், உப்பு சர்க்கரை எல்லாம் அப்டிதான். இன்னொரு வகைத் திடம் இருக்கு. ஆபீஸ் டைம்ல பஸ்ல ஏறினவங்களை நினைச்சுப் பாருங்க, ஒருத்தரும் வரிசைல இல்ல, தலை ஒரு பக்கம் கை ஒரு பக்கம், திரவத்துல இருக்கற அதே குழப்பம், ஆனா ஒருத்தராலயும் ஒரு அடி நகர முடியாது. குழப்பம் அப்டியே உறைஞ்சு போன நிலை. அதுதான் கண்ணாடி. ஜன்னல்ல இருக்கறது மணலோட கண்ணாடி, பான் மீயோட தோல்ல இருக்கறது மாவுச்சத்தும் புரதமும் சேந்த கண்ணாடி.

இந்த நிலைக்கு ஒரு வெப்பநிலை உண்டு, கண்ணாடி மாறுநிலைன்னு சொல்வாங்க. அதுக்குக் கீழ இருந்தா பொருள் கண்ணாடி, மேல போனா ரப்பர். உருகறதில்ல, வெளித்தோற்றத்துல ஒண்ணும் மாறாது, மூலக்கூறுச் சங்கிலிகளுக்குக் கொஞ்சம் நெளிய இடம் கிடைக்குது, அவ்ளோதான். சுத்தமா காஞ்ச மாவுச்சத்துக்கு இந்த வெப்பநிலை 200 டிகிரிக்கும் மேல, அதாவது நம்ம ரூமோட 30 டிகிரி அதுக்கு ஜில்லுன்னு இருக்கற எடம், கெட்டியா உறைஞ்சு கிடக்கும். ஆனா தண்ணி இருக்கே, அது சங்கிலிகளுக்கு நடுவுல புகுந்து ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்கற பிடியைத் தளர்த்தி விட்டுடும், தண்ணி ஏற ஏற அந்த மாறுநிலை வெப்பநிலை மடமடன்னு எறங்கும், நூத்துக்கு 20 பங்கு தண்ணி வந்தா கிட்டத்தட்ட ரூம் வெப்பநிலைக்கே வந்துடும். ரொட்டியைச் சூடாக்கவே வேண்டாம், தண்ணி காட்டினாப் போதும், கண்ணாடி தானா ரப்பர் ஆகிடும். எனக்கு இதுல பிடிச்ச விஷயம், மொறுமொறுப்பு அது வரைக்கும்கூட காத்திருக்காது. தோல்ல தண்ணி 10 சதவீதத்தைத் தொட்டாலே போச்சு, இயற்பியல் கணக்குப்படி இன்னும் கண்ணாடிதான், ஆனா சங்கிலியோட சின்னச் சின்ன பாகங்கள் அசைய ஆரம்பிச்சிடும், நாக்குக்கு அதுவே நமுத்தது.

கணக்குப் போட்டுப் பாப்போம். ஒரு ரொட்டி 80 கிராம், அதுல தோல் 20, பஞ்சு 60ன்னு வெச்சுக்கங்க. தோல் 3 சதவீதத்துலேர்ந்து 10 சதவீதத்துக்குப் போகணும்னா எவ்ளோ தண்ணி வேணும்? ஒண்ணரை கிராம். ஒரு டீஸ்பூன்ல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. பஞ்சுக்குள்ள எவ்ளோ தண்ணி இருக்கு? 24 கிராம். பதினாறுல ஒரு பங்கு வெளிய நகர்ந்தா ஆட்டம் க்ளோஸ், அதுலயும் தோல் எவ்ளோ மெல்லிசோ அவ்ளோ சீக்கிரம் நனையும். பான் மீ எதனால பேர் வாங்குச்சோ அதனாலயே சீக்கிரம் கெடுது.

சரி, கண்ணாடியா இருந்தா ஏன் மொறுமொறுன்னு தெரியுது? கண்ணாடி வளையாது, உடையும். கடிக்கறப்ப பல் அழுத்துது, தோல் வளைய முடியாம அழுத்தத்தைச் சேத்து வெச்சுட்டே வருது, ஒரு கட்டத்துல படார்னு விரிசல் ஓடும், நொடிக்கு நூத்துக்கணக்கான மீட்டர் வேகத்துல. தோல்ல குட்டிக் குட்டி அறைகள், ஒவ்வொரு சுவரும் தனித்தனியா உடையுது, ஒவ்வொண்ணும் ஒரு சின்ன சத்தம், ஒரு கடில அப்டி எக்கச்சக்கமா. அந்த சத்தம் காத்து வழியா காதுக்குப் போறது பாதி, தாடை எலும்பு வழியா நேரா உள்காதுக்குப் போறது பாதி. ரப்பர் ஆயிட்டா என்ன ஆகும்னா, பல் கொடுக்கற சக்தியெல்லாம் சங்கிலிகள் நெளியறதுலயே கரைஞ்சிடும், விரிசல் ஓடறதுக்கு சக்தி மிஞ்சாது, மெதுவா கிழியும், சத்தமே வராது.

அதாவது மொறுமொறுப்புல பெரும்பங்கு கேக்கறதுதான். 2004ல ஆக்ஸ்ஃபோர்டைச் சேந்த சார்லஸ் ஸ்பென்ஸும் அவரோட சகா ஸாம்பினியும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஆளுங்களுக்கு ஹெட்ஃபோன் மாட்டி ப்ரிங்கிள்ஸ் சிப்ஸ் கடிக்க வெச்சு, அவங்க கடிக்கற சத்தத்தையே கூட்டியும் குறைச்சும் அவங்க காதுக்குத் திருப்பி அனுப்பினாங்க. சத்தத்தைக் கூட்டினா, குறிப்பா கீச்சுன்னு இருக்கற உயர் அதிர்வெண் பகுதியைக் கூட்டினா, அதே சிப்ஸை புதுசா மொறுமொறுன்னு இருக்குன்னு சொன்னாங்க, குறைச்சா பழசுன்னாங்க. 2008ல இதுக்கு இக் நோபல் கிடைச்சுது, சிரிக்க வெச்சு அப்புறம் யோசிக்க வைக்கற ஆராய்ச்சிக்குக் கொடுக்கற பரிசு. நிறைய பேரு சிரிக்கறதோட நிப்பாட்டிட்டாங்கங்கறதுதான் என் வருத்தம். சிப்ஸ் கடிக்கற சத்தத்துக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமான்னு கேக்கறவங்க, தெனமும் மூணு வேளை வாய்க்குள்ள நடக்கறதைப் பத்தி நமக்கு எவ்ளோ கொஞ்சம் தெரியும்னு யோசிக்க மாட்டேங்கறாங்க. உணவுக்கு இந்தக் கண்ணாடிக் கதையைப் பொருத்திக் காட்டினவங்க லூயிஸ் ஸ்லேடும் ஹாரி லெவினும், 1980கள்ல, ரெண்டு பேருமே கம்பெனி லேப்ல வேலை பாத்தவங்க, நாபிஸ்கோங்கற பிஸ்கட் கம்பெனி உட்பட. பாலிமர்காரங்க ப்ளாஸ்டிக்குக்குப் போட்ட கணக்கை எடுத்து பிஸ்கட்டுக்குப் போட்டாங்க. பிஸ்கட் நமுத்தா கம்பெனிக்கு நஷ்டம், அதனால பணம் கொடுத்தான். லாபம் இல்லாத கேள்விக்குப் பணம் கொடுக்க ஒரு அரசாங்கம் வேணும், அந்த எடத்துல எல்லா நாட்டு அரசாங்கமும் கஞ்சத்தனம் பண்ணுது. விடுங்க, ரொட்டிக்கு வர்றேன்.

சுட்ட ரொட்டியை வெளிய எடுத்து வெச்சா படபடன்னு மெல்லிசா ஒரு சத்தம் வரும், பக்கத்துல காதை வெச்சா நல்லா கேக்கும். தோல் ஆறிக் கண்ணாடியா இறுகுது, உள்ள பஞ்சு சுருங்கி அதைப் பிடிச்சு இழுக்குது, வளையத் தெரியாத தோல் வெடிக்குது. பான் மீ தோல்ல மண்ணு காஞ்ச ஏரி மாதிரி நெளிநெளியா கோடு இருக்கே, அது அழகுக்குன்னு நினைச்சிருப்பீங்க, அதுதான் தோலோட மூச்சுக்குழல். உள்ளேர்ந்து வர்ற ஈரம் தோலுக்குள்ள ஊறாம அந்த விரிசல் வழியா வெளிய போயிடும், விரிசல் நிறைய உள்ள ரொட்டி அதிக நேரம் மொறுமொறுப்பா தாக்குப் பிடிக்கும். ஆனா ஒரு நிபந்தனை, வெளிய போன ஈரம் போய்ட்டே இருக்கணும். சூடான ரொட்டியை ப்ளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டினீங்கன்னா போச்சு. 60 டிகிரி காத்து ஒரு கன மீட்டருக்கு 130 கிராம் நீராவியைத் தாங்கும், 30 டிகிரிக்கு ஆறினா 30 கிராம்தான், மிச்சமெல்லாம் கவர் உள்பக்கம் முத்து முத்தா படிஞ்சு தோலுக்கே திரும்பும். வியட்நாம் தெருக்கடைங்கள்ல துண்டுக் காகிதத்துல சுத்தி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுக்கறதுக்குக் காரணம் காசு மிச்சம்தான், ஆனா இயற்பியலும் அவங்க பக்கம். சைகான்ல மழைக்காலம் மே மாசத்துலேர்ந்து நவம்பர் வரைக்கும், அந்த ஈரக்காத்துல ரொட்டியை சும்மா வெளிய வெச்சாலே தோல் காத்துலேர்ந்து தண்ணி குடிச்சுக்கும், அதனாலதான் தள்ளுவண்டில விக்கறவங்க அடியில கரி அடுப்பு வெச்சு ரொட்டியைச் சூடாவே வெச்சிருப்பாங்க, கொடுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை வாட்டுவாங்க.

இப்ப உள்ள வைக்கற சாமான். வெள்ளரிக்காயும் மொறுக்குன்னுதான் கடிபடுது, ரொட்டித் தோலும் மொறுக்குன்னுதான், ஆனா ரெண்டுக்கும் காரணம் நேர் எதிர்! வெள்ளரிக்காய்ல ஒவ்வொரு செல்லும் தண்ணி ரொம்பி விண்ணுன்னு இருக்கு, கடிச்சா வெடிக்குது, தண்ணி போனா துவண்டுடும். ரொட்டித் தோலுக்குத் தண்ணி வந்தா சாவு. இந்த ரெண்டு பரம எதிரிங்களையும் ஒரே காகிதத்துல சுத்திக் கொடுக்கறதுதான் பான் மீ, யோசிச்சுப் பாத்தா கொஞ்சம் திமிர் பிடிச்ச சாப்பாடு. முள்ளங்கியும் கேரட்டும் அதனாலதான் மொதல்ல உப்புப் போட்டுப் பிசிறி வைக்கறாங்க, சவ்வூடு பரவல்ல தண்ணி வெளிய வந்துடும், அதைப் பிழிஞ்சு கொட்டிட்டு வினிகர் சர்க்கரைல ஊற வைப்பாங்க. செல் உள்ள அழுத்தம் போனாலும் செல் சுவரை ஒட்டிப் பிடிச்சிருக்கற பெக்டின்ங்கற பொருள் அமிலத்துல கரையாம நிக்குது, அதனால கடி மிஞ்சுது. கடைல அவசரத்துல சொட்டச் சொட்ட எடுத்து வெச்சாங்கன்னா மட்டும் கடைக்காரரைத் திட்டிக்கங்க, அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல.

ரொட்டியைப் பொளந்ததும் மொதல்ல கொழுப்பு தடவறது ருசிக்கு மட்டும் இல்ல, அது ஒரு வாட்டர்ப்ரூஃப் பூச்சு. இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. வெண்ணெய்ல கொழுப்புதான் தொடர்ச்சியா பரவியிருக்கு, தண்ணி அதுக்குள்ள துளித் துளியா சிறைல இருக்கு, அதைத் தாண்டி ஊறுகாய்த் தண்ணி போக முடியாது. மயோனைஸ்ல அப்டியே தலைகீழ், தண்ணிதான் தொடர்ச்சி, எண்ணெய்தான் துளி, முட்டை மஞ்சக்கருல இருக்கற லெசித்தின் அந்தத் துளிகளை ஒட்ட விடாம பிரிச்சு வெச்சிருக்கு. வியட்நாம்ல வெண்ணெய்ன்னு சொல்லிப் பூசற மஞ்சள் க்ரீம் பெரும்பாலும் மஞ்சக்கருவும் எண்ணெயும் அடிச்சது, அதாவது இயற்பியல்படி மயோனைஸ். பூச்சு வேலைக்கு அதை விட நிஜ வெண்ணெயோ பாத்தேங்கற ஈரல் விழுதோ தேவலாம், தடவறப்ப ஓரம் வரைக்கும் தடவச் சொல்லுங்க.

நமுத்ததை மீட்டெடுக்க முடியுமா? முடியும், மைக்ரோவேவ்ல மட்டும் வைக்காதீங்க. கதிர்வீச்சு ரொட்டிக்குள்ள தங்கிடும்ங்கற கதைக்காகச் சொல்லல, அது வெறும் மூடநம்பிக்கை, 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அணுவையோ மூலக்கூறையோ உடைக்கற சக்தியே கிடையாது, விளக்கை அணைச்சா வெளிச்சம் எப்டி போயிடுமோ அப்டி போயிடும், படிச்சவங்களே இன்னும் இதை நம்பறாங்கங்கறது வேற எரிச்சல். பிரச்னை என்னன்னா மைக்ரோவேவ் தண்ணி இருக்கற எடத்தைத் தேடிப் பிடிச்சு சூடாக்கும், தண்ணி இருக்கறது பஞ்சுல, அங்கேர்ந்து ஆவி கிளம்பி நேரா தோலுக்கு வரும், அடுப்புக்குள்ள காத்தோ சூடே ஆகலை, அதனால தோல் காயறதுக்கு வழியே இல்ல. வெளிய எடுத்து ஆறினா செருப்பு. டோஸ்டர் ஓவன்லயோ ஏர் ஃப்ரையர்லயோ 180 டிகிரில நாலஞ்சு நிமிஷம் வெச்சீங்கன்னா வெளிலேர்ந்து சூடு வருது, தோல்ல ஏறின அந்த ஒண்ணரை கிராம் தண்ணியை ஓட்டி விட்டுடும், திரும்பக் கண்ணாடி. வெள்ளரிக்காயையும் கொத்தமல்லியையும் முன்னாடியே எடுத்து வெச்சுடுங்க.

வெறும் ரொட்டியை ஃப்ரிட்ஜ்ல வைக்கறது இன்னொரு வீண் வேலை. ரொட்டி பழசாகறதுன்னா காய்ஞ்சு போறதுன்னு நினைக்கறோம், 1852லயே பூசங்கோங்கற பிரெஞ்சு வேதியியலாளர், தண்ணி வெளிய போகாம மூடி வெச்சாலும் ரொட்டி பழசாகும்னும், சூடாக்கினா திரும்பப் புதுசு மாதிரி ஆகும்னும் காட்டிட்டார். அது பஞ்சோட கதை, வெந்த மாவுச்சத்து மெதுவா திரும்பப் படிகமாகுது, அந்தப் படிகம் 60 டிகிரி பக்கம் உருகிடும், ஆனா உருவாகறதுக்கு ஃப்ரிட்ஜோட 4 டிகிரி ரொம்பத் தோதான சூடு. வைக்கணும்னா ஃப்ரீசர்ல வைங்க.

உள்ள சாமான் வெச்ச பான் மீயை சாயங்காலத்துக்குன்னு டெஸ்க்ல வெச்சிருக்கறது மட்டும் வேண்டவே வேண்டாம். வியட்நாம்ல 2023ல ஹோய் ஆன்லயும் 2024ல டோங் நாய்லயும் பான் மீ சாப்பிட்டு நூத்துக்கணக்கான பேருக்கு உடம்பு முடியாமப் போச்சு, சோதனைல சால்மொனெல்லாங்கற பாக்டீரியா கிடைச்சுது. பாத்தே, கறி, வேகாத மஞ்சக்கரு க்ரீம், எல்லாமே புரதமும் ஈரமும், பாக்டீரியாவுக்கு 30 டிகிரி ரூம் சொர்க்கம், தோதான சூட்டுல சால்மொனெல்லா அரை மணிக்கும் கம்மியா ரெட்டிப்பாகும், ரொட்டியோட தோல் நமுத்ததுன்னா கடிச்சதும் தெரிஞ்சுடும், இது வாசனைலயோ ருசிலயோ தெரியவே தெரியாது. ரெண்டு மணி நேரம் தாண்டிடுச்சுன்னா காசு போனாப் போகுதுன்னு குப்பைல போட்டுடுங்க.